கிருமிகொல்லி மருந்துகள்
அவை வேலை செய்யும் விதமும், உபயோகமும், அவற்றால் விளையும் கெடுதலும்

(ஏற்காடு வட்டார விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதியது)

சேர்வராயன் மலையில் ஓரிரண்டு ஏக்கர் காப்பியும், கொட்டிலில் ஒரு பசுவும் வைத்திருக்கும் குடியானவர் ஒரே நாளில் இரண்டு விதமான வைத்தியம் செய்கிறார். காலையில், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைக் காப்பிச் செடிகளுக்குத் தெளிக்கிறார். மாலையில், மடி வீங்கிய பசுவுக்கு மருந்துக்கடையில் வாங்கி வந்த ஊசியைப் போடுவிக்கிறார். முன்னது செடிக்கு, பின்னது மாட்டுக்கு என்று நாம் பிரித்துப் பேசினாலும், இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகளே. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளைக் கொல்வதற்கோ, அவை பெருகாதபடி தடுப்பதற்கோ ஏற்பட்டவை இரண்டும்.

செடி மருந்தின் விஷயத்தில் நமது குடியானவர்கள் மிகுந்த கவனம் உள்ளவர்கள். துத்தம் எத்தனை கிலோ, சுண்ணாம்பு எத்தனை கிலோ, மழைக்கு எத்தனை நாள் முன்பு என்பவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாட்டுக்குப் போடும் மருந்தில் அவ்வளவு கவனம் செலுத்துவதில்லை. இதனால் வரும் தீங்கைப் புத்தகத்தில் படித்து நான் எழுத வரவில்லை. என் சொந்த வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

என் தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் ஒரு கலப்பினப் பசு இருந்தது. நாளொன்றுக்கு 8 லிட்டர் கறக்கும். கார்த்திகை மாதத்தில் மழையும் மூடுபனியும் விடாமல் பிடித்துக்கொண்டு, கொட்டிலில் தரை காயாமலே இருந்தது. ஒரு நாள் காலையில் பின்புறத்து வலக்காம்பின் பக்கம் மடி வீங்கிச் சூடாக இருந்தது. பாலும் திரிதிரியாய் வந்தது. கால்நடை வைத்தியர் வந்து பார்த்து, ஐந்து நாள் மருந்துக்கு ஏற்பாடு செய்தார். "மருந்து முடிந்த பிறகும் ஏழு நாள் பாலை வீட்டுக்கு எடுக்க வேண்டாம், பிறருக்கும் ஊற்ற வேண்டாம்" என்று கண்டிப்பாய்ச் சொல்லிச் சென்றார்.

மூன்றாம் நாளே வீக்கம் வற்றிவிட்டது. பாலும் வெள்ளையாய் வந்தது. மீதி மருந்துக்கு மறுபடி வைத்தியரைத் தேடிப் போவானேன் என்று நிறுத்திவிட்டேன். பாலைக் கொட்டவும் மனம் வரவில்லை. வழக்கம்போல் பாதியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பாதியை அண்டை வீட்டுக்கு ஊற்றி வந்தேன்.

அண்டை வீட்டு மூதாட்டி ஒரு நாள் மாலை வேலியருகே வந்து நின்றார். "ஏனுங்க தம்பி, மூணு நாளாத் தயிரு உறையவே மாட்டேங்குது. பானையைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவியும் பார்த்துட்டேன். என் கைராசிதான் போயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

பானையிலும் குற்றமில்லை, அவர் கையிலும் குற்றமில்லை. பாலைத் தயிராக்குவதும் ஒருவகைக் கிருமியே. பசுவின் மடியிலிருந்து பாலோடு இறங்கிய மருந்து, நோய்க்கிருமி இது, தயிர்க்கிருமி இது என்று பார்ப்பதில்லை. உறைமோரில் இருந்ததையும் பெருகவொட்டாமல் தடுத்துவிட்டது. அந்தப் பாலைத்தான் அவ்வீட்டுச் சிறு குழந்தையும் மூன்று நாளாய்க் குடித்திருந்தது. குழந்தைக்குத் தீங்கு ஒன்றும் நேரவில்லை. அது என் சாமர்த்தியத்தால் அன்று. பயிருக்கு மருந்தளவு சொல்லிச் சம்பளம் வாங்குகிற நானே இப்படிச் செய்தேன் என்பதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

பத்து நாளில் வீக்கம் மறுபடியும் வந்தது. இம்முறை அதே மருந்துக்கு அது அடங்கவில்லை. பாலைச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்று தெரிந்து, வேறு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. பசு பிழைத்தது, ஆனால் அந்தக் காம்பு நிரந்தரமாய் வற்றிப்போயிற்று. இரண்டு நாள் மருந்தையும் சில நாள் பாலையும் மிச்சம் பிடிக்கப் போய், பசுவின் கால்பங்கு மடியை இழந்தேன்.

கிருமிகளின் வகைகள்

எந்த மருந்து எதற்கு என்று அறிய வேண்டுமானால், கிருமி என்னும் ஒரே பெயரால் நாம் அழைப்பவை பல சாதி என்பதை முதலில் அறிய வேண்டும். முக்கியமானவை நான்கு.

முதலாவது, பாக்டீரியா. மடிவீக்கம், தொண்டை அடைப்பான், சப்பை நோய், மனிதருக்கு வரும் காசம், டைபாய்டு முதலியவை இவற்றால் உண்டாகின்றன. ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பசுமை நோயும் இவ்வகையே. இரண்டாவது, பூசணம். காப்பியின் இலைத்துருவும், மழைக்காலத்தில் இலையையும் காயையும் கறுக்கச் செய்யும் அழுகல் நோயும், மனிதர் தோலில் வரும் படர்தாமரையும் இவற்றின் வேலை. மூன்றாவது, ஓரணுப் பிராணிகள். மலேரியாக் காய்ச்சலும், உண்ணிகளின் மூலமாய் மாடுகளுக்கு வரும் தெய்லீரியாக் காய்ச்சலும் இவற்றால் வருவன. நான்காவது, வைரஸ். மாடுகளின் கோமாரி, தோல்கழலை, கோழிகளின் வெள்ளைக்கழிச்சல், நமக்கு வரும் சாதாரண ஜலதோஷம் ஆகியவை இவ்வகை.

ஒரு சாதிக்கு ஏற்பட்ட மருந்து மற்றொரு சாதியிடம் பெரும்பாலும் செல்லாது. இது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டாலே வீண் செலவில் பாதி குறையும்.

மயில்துத்தம் வேலை செய்யும் விதம்

1869ஆம் ஆண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அங்கே செழித்திருந்த காப்பிப் பயிர் இருபது ஆண்டுகளுக்குள் சீரழிந்து, தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. அக்காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்து கையில் இல்லை. 1882இல் பிரான்சு தேசத்துப் போர்டோப் பகுதியில் மில்லார்டே என்னும் பேராசிரியர் ஒரு விநோதத்தைக் கண்டார். வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்கும் பொருட்டு, பாதையோரத்துத் திராட்சைக் கொடிகளில் துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து பூசியிருந்தார்கள்; பூசிய கொடிகளில் மட்டும் இலைநோய் இல்லை. அவர் ஆராய்ந்து 1885இல் வெளியிட்ட முறையே இன்றும் நமது மலையில் கையாளப்படும் போர்டோக் கலவை.

இலைத்துருவின் வித்துக்கள் காப்பி இலையின் அடிப்புறத்தில் விழுந்து, ஈரத்தில் முளைத்து, அங்குள்ள மூச்சுத்துளைகளின் வழியே உள்ளே நுழைகின்றன. இலைமேல் படிந்திருக்கும் செம்புச் சத்து, ஈரத்தில் சிறிது சிறிதாய்க் கரைந்து, முளைக்கும் வித்துக்குள் புகுந்து, அதன் உயிர்த்தொழிலை நடத்தும் பல என்சைம்களை ஒருங்கே கெடுத்துவிடுகிறது. ஒரே இடத்தில் அடிக்காமல் பல இடத்தில் அடிப்பதால், செம்புக்குத் தப்பிப் பிழைக்கும் வழி பூசணத்துக்கு எளிதில் கிட்டுவதில்லை. நூறாண்டுக்கு மேலாகியும் இக்கலவை பயன் தருவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அதே காரணத்தால் அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதமும் இல்லை. தனித் துத்தம் செடியின் இலையையும் கருக்கிவிடும்; அதன் காரத்தைத் தணிக்கவே சுண்ணாம்பு சேர்க்கிறோம். இலைக்குள் புகுந்துவிட்ட பூசணத்தையும் அது தொடமுடியாது. ஆகையால் இம்மருந்து வெளியே காவல் காப்பதற்கு உரியது. நோய் உள்ளே வந்தபின் தீர்ப்பதற்கு உரியதன்று.

உடலுக்குள் செல்லும் மருந்துகள்

பிராணியின் உடலுக்குள் செலுத்தும் மருந்து இவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக் கூடாது. பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரிந்தவன் கையில்தான் களைக்கொத்து இருக்க வேண்டும். கிருமியின் உடம்பில் இருந்து, நமது உடம்பில் இல்லாத ஓர் அங்கத்தைத் தேடி அடிப்பதே நல்ல மருந்தின் இலட்சணம்.

பெனிசிலின்: பாக்டீரியாவுக்குப் புறத்தே ஒரு கெட்டியான சுவர் உண்டு, நமது உடலணுக்களுக்கு அச்சுவர் இல்லை. கிருமி வளரும்போது சுவரையும் கட்டிக்கொண்டே போக வேண்டும். பெனிசிலின் அக்கட்டட வேலையை நிறுத்திவிடுகிறது. கரை கட்டி முடியாத ஏரி வெள்ளத்தில் உடைவதுபோல், கிருமி தன் உள்ளழுத்தத்தாலேயே வெடித்துச் சாகிறது. 1928இல் லண்டனில் பிளெமிங் இதன் குணத்தைக் கண்டார். பிறகு ஆக்ஸ்போர்டில் புளோரி, செயின் முதலியோர் இதை மருந்தாக்கினர். மூவருக்கும் 1945இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் வகைகள்: கிருமிக்குள் புரதம் செய்யும் சிறு தொழிற்சாலைகள் உண்டு. நமது அணுக்களிலும் உண்டு. ஆனால் அமைப்பு வேறு. இம்மருந்துகள் கிருமியின் தொழிற்சாலையைப் பிடித்து நிறுத்துகின்றன. இவை இரண்டும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து கிடைத்தவை என்பதைக் குடியானவர்கள் கவனிக்க வேண்டும். டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசின், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆராய்ச்சித் தலைவராய் இருந்த அமெரிக்க நிறுவனத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1948இல் வெளிவந்தது.

ஸல்பா மருந்துகள்: போலிக் அமிலம் என்னும் சத்து எல்லா உயிருக்கும் வேண்டும். நாம் கீரை முதலிய உணவிலிருந்து அதைப் பெறுகிறோம். பாக்டீரியாவோ தானே செய்துகொள்ள வேண்டும். ஸல்பா மருந்து, அதைச் செய்வதற்கான மூலப்பொருளைப் போலவே தோற்றமளித்து, பூட்டில் நுழைந்த கள்ளச்சாவி போல் சிக்கிக்கொண்டு, வேலையைக் கெடுக்கிறது. 1935இல் ஜெர்மனியில் டோமாக் வெளியிட்ட பிராண்டோசில் இவ்வகையில் முதலாவது.

என்ரோபிளாக்சசின் முதலியவை கிருமியின் பரம்பரைச் சரட்டைப் பிரித்துப் படியெடுக்கவொட்டாமல் தடுப்பவை. கொலிஸ்டின் என்பது சிலவகைக் கிருமிகளின் மேற்சவ்வைக் குலைப்பது. பூசணங்களின் சவ்வில் எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப்பொருள் உண்டு. நமது சவ்வில் அதற்குப் பதில் கொலஸ்டிரால் இருக்கிறது. படர்தாமரைக்குப் பூசும் குளோட்ரிமசோலும், காப்பித்துருவுக்குத் தெளிக்கும் ஹெக்ஸகோனசோலும் எர்கோஸ்டிரால் உண்டாவதைத் தடுக்கும் ஒரே கூட்டத்து மருந்துகளே. செடிக்கு வேறு, மனிதனுக்கு வேறு என்று நினைத்திருப்போர் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

மலேரியாவுக்குக் கொயினா கொடுத்ததை நமது முன்னோர் நன்கறிவர். அதற்கான சின்கோனா மரங்கள் 1860 முதல் நீலகிரியில் அரசாங்கத்தாரால் பயிரிடப்பட்டன. மலேரியாக் கிருமி நமது இரத்தத்தைத் தின்றபின் மிஞ்சும் நச்சுப்பொருளைத் தீங்கற்றதாய் மாற்றிக்கொள்ளும். கொயினா அவ்வேலையைத் தடுப்பதால், தின்ற உணவே கிருமிக்கு விஷமாகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் காது இரையும், தலை சுற்றும்.

வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்தத் தொழிற்சாலையும் இல்லை. நமது அணுவுக்குள் புகுந்து, நமது தொழிற்சாலையையே தன் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. ஆகையால் மேற்சொன்ன பாக்டீரியா மருந்துகளில் ஒன்றும் அதைத் தொடாது. கோமாரிக்கும் வெள்ளைக்கழிச்சலுக்கும் தடுப்பூசியே வழி. கோமாரிப் புண்ணில் பிறகு பாக்டீரியா சேர்ந்துகொண்டால் வைத்தியர் அதற்கு மருந்து கொடுக்கலாம். அது கோமாரிக்குக் கொடுத்த மருந்து ஆகாது.

மருந்தினால் வரும் கெடுதல்கள்

கிருமிக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எங்கே குறுகுகிறதோ, அங்கே கெடுதல் தொடங்குகிறது.

மாட்டின் பெருவயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து, வைக்கோலையும் புல்லையும் செரிக்கச் செய்கின்றன. மாடு புல்லைத் தின்கிறது என்பதைவிட, இவற்றுக்குப் புல்லைப் போட்டு இவற்றால் பிழைக்கிறது என்பதே பொருந்தும். டெட்ராசைக்ளின் போன்றவற்றை வாய்வழியாய்ப் பெரிய மாட்டுக்குப் புகட்டினால் இவையும் மடிந்து, மாடு தீனி எடுக்காமல், அசைபோடாமல் நின்றுவிடும். மனிதருக்கும் மருந்து உட்கொண்டபின் வயிற்றுப்போக்கு வருவது குடலின் நல்ல கிருமிகள் அழிவதால்தான்.

பெனிசிலின் சிலர் உடலுக்கு ஒவ்வாது. தோலில் தடிப்பு எழும்புவது முதல், மூச்சடைத்து உயிர் போவது வரை நேரலாம். முன்பு ஒருமுறை ஒவ்வாதிருந்தால் அதை வைத்தியரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டமைசினும் காதையும் மூத்திரக்காயையும் கெடுக்கக்கூடியவை. டெட்ராசைக்ளின் வளரும் குழந்தைகளின் பற்களை நிரந்தரமாய் மஞ்சளாக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் பிணைந்துகொள்வதால், அதைப் பாலுடன் விழுங்கினால் பலனும் குறையும். குளோராம்பெனிகால் அபூர்வமாய்ச் சிலருக்கு இரத்தம் ஊறும் எலும்புச் சோற்றையே வறளச் செய்துவிடும். ஆகையால் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதைப் பல தேசங்கள் தடுத்திருக்கின்றன.

செம்பும் கெடுதல் அற்றதன்று. ஆண்டுதோறும் தெளிக்கும் செம்பு மண்ணிலேயே தங்கி, மேல்மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. அளவு மிஞ்சினால் மண்புழுக்கள் குறையும். துத்தம் வைத்த பாத்திரத்தைக் கழுவாமல் வைத்து, ஆடு நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவது

எல்லாக் கெடுதலிலும் பெரியது இதுவே. இலட்சக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் குணம் பெற்றிருக்கலாம். மருந்து மற்றவற்றை அழிக்கும்போது, இவற்றுக்கு இடமும் உணவும் தாராளமாய்க் கிடைக்கின்றன. அரைமணிக்கு ஒருமுறை இரண்டாய்ப் பிரியும் ஒரு கிருமி, தடையின்றிப் பெருகினால், பத்துமணி நேரத்தில் பத்து இலட்சத்துக்கு மேல் ஆகும். அன்றியும், ஒரு குடியானவர் தமது நல்ல விதையை அடுத்த ஊராருக்குக் கைமாற்றுவதுபோல், கிருமிகளும் இக்குணத்தை வேறு சாதிக் கிருமிகளுக்குக் கைமாற்றும் வல்லமை உடையவை.

குறைந்த அளவில் மருந்தை உட்கொள்வதால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும் என்று பிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்தார். அது கேட்கப்படவில்லை. 2010ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியும் பிறநாட்டு ஆராய்ச்சியாளர்களும், ஏறக்குறைய எல்லா மருந்துக்கும் அடங்காத பாக்டீரியாக்கள் சென்னை, ஹரியானா, பிரிட்டன் ஆகிய இடங்களில் பரவியிருப்பதை வெளியிட்டார்கள். அத்தகைய நோயாளிகளுக்குக் கடைசி ஆயுதமாய் மிஞ்சியிருந்தவற்றுள் ஒன்று கொலிஸ்டின். அம்மருந்தையே கோழிகளும் பன்றிகளும் விரைவில் பருக்கும் பொருட்டுத் தீவனத்தில் கலந்து வந்தார்கள். 2015இல் சீனாவில், கொலிஸ்டினைத் தாங்கும் குணம் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவது கண்டறியப்பட்டது. இந்திய அரசாங்கம் 2019 ஜூலையில், உணவுக்கான பிராணிகளிலும் கோழிகளிலும் மீன் வளர்ப்பிலும் தீவனத்திலும் கொலிஸ்டினை உபயோகிப்பதைத் தடைசெய்தது. அவ்வாண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாய் இறந்தவர்கள் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

மலைமேல் இருக்கும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். கொட்டில் கழுவிய நீர் ஓடைக்குப் போகிறது. ஓடை கீழே உள்ள கிராமங்களுக்குப் போகிறது. கோழி எரு சமவெளியிலிருந்து லாரியில் ஏறி மலைத்தோட்டங்களுக்கு வருகிறது. கொண்டைஊசி வளைவுகளில் நாம் ஏறி இறங்குவதுபோல் கிருமிகளும் ஏறி இறங்குகின்றன.

பயிர்களுக்கும் இதுவே நியாயம். ஆரஞ்சின் பசுமை நோய்க்கு டெட்ராசைக்ளினை மரத்தின் அடியில் ஊசிமூலம் செலுத்திப் பார்த்ததுண்டு. மரம் சிறிது காலம் தெளிந்து, மருந்து நின்றதும் மறுபடி நோயுறுகிறது. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் சேர்ந்த மருந்தைப் பயிர்களுக்கு உபயோகிப்பதை 2024 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்துவதென்று 2021 டிசம்பரில் இந்திய அரசாங்கம் வரைவு ஆணை வெளியிட்டது. நோயற்ற நாற்றை நடுவதும், நோயைப் பரப்பும் சிறு பூச்சியை அடக்குவதும், கெட்டுப்போன மரத்தைப் பிடுங்கி எரிப்பதுமே ஆரஞ்சுக்கு நல்ல மார்க்கம்.

குடியானவர்கள் செய்ய வேண்டியவை

1. காப்பிக்கு: நூற்றுக்கு அரைப்பங்கு போர்டோக் கலவை போதும். 200 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தமும் 1 கிலோ தெளிப்புச் சுண்ணாம்பும் கொள்க. மரத்தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டையும் தனித்தனியே கரைத்து, வடிகட்டிய சுண்ணாம்புப் பாலில் துத்தநீரைக் கலக்கிக்கொண்டே ஊற்றுக. துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் செந்நிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க. கலந்த அன்றே, இலையின் அடிப்புறம் நனையும்படி, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும், மழை சற்று ஓய்ந்தபின் புரட்டாசி வாக்கிலும் தெளிக்க. நிழல்மரங்களைக் கழித்துக் காற்றோட்டம் உண்டாக்குவதும், அதிக கிளைகளை வெட்டுவதும் மருந்தின் பாதி வேலையைச் செய்துவிடும்.

2. மடிவீக்கம் வராமல் காக்க: கறந்தவுடன் காம்புத் துளை சிறிது நேரம் திறந்தே இருக்கும். அப்பொழுது பசு படுக்காதபடி, கறந்து முடிந்ததும் அரைமணி நேரம் தீனி போட்டு நிறுத்துக. தரை ஈரமின்றி இருக்கட்டும். நோயற்ற பசுவை முதலிலும், நோயுற்றதைக் கடைசியிலும் கறக்க. முதற் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியின்மேல் விட்டுத் திரி இருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க.

3. நோயின் தொடக்கத்தில்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, சிறிதளவை நீரில் குழைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு, நாளில் எட்டுப் பத்துத் தடவை ஐந்து நாள் பூசும் முறையைத் தேசியப் பால்வள வாரியம் பரப்பி வருகிறது. பசுவுக்குக் காய்ச்சல் கண்டாலும், பாலில் இரத்தம் வந்தாலும், வீக்கம் மிகுந்தாலும் காத்திராமல் வைத்தியரை அழைக்க.

4. மருந்து கொடுக்கும்போது: வைத்தியர் குறித்த மருந்து, குறித்த அளவு, குறித்த நாள் என்னும் மூன்றையும் மாற்றக் கூடாது. நாளைக் குறைப்பது போலவே, அவர் சொல்லாமல் நீட்டுவதும் தவறு. போன வருஷம் மிஞ்சிய மருந்தையும், அண்டை வீட்டார் கொடுத்ததையும் போடலாகாது.

5. பாலும் முட்டையும்: மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் விலக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும், அதன்படி நடக்க. அப்படிக் குறிப்பிடாத மருந்துக்கு, 2012இல் ஏற்பட்ட விதிப்படி, பாலுக்கும் முட்டைக்கும் 7 நாளுக்குக் குறையாமலும், இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையாமலும் விலக்க வேண்டும். காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பது தவறான நம்பிக்கை; பல மருந்துகள் கொதியைத் தாங்கும். விலக்கிய பாலைக் கன்றுக்கும் புகட்டாமல், ஓடைக்குத் தூரமாய்க் குழியில் ஊற்றி மூடுக.

6. கோழிக்கு: நோயற்ற கோழிக்குத் தீவனத்திலோ தண்ணீரிலோ கிருமிகொல்லி கலக்க வேண்டாம். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசியைக் காலத்தில் போடுக.

7. வீட்டில்: ஜலதோஷத்துக்கு இம்மருந்துகளைக் கேட்டு வாங்க வேண்டாம். மருத்துவர் சீட்டின்றி இவற்றைக் கடையில் விற்பதும் சட்டத்துக்கு மாறானது. மாட்டு மருந்தை மனிதர் ஒருபோதும் உட்கொள்ளலாகாது.

நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை

ஒரே பசுவை நம்பியிருக்கும் குடும்பத்தார், "மருந்து ஐந்து நாள், விலக்கு ஏழு நாள், பன்னிரண்டு நாள் பாலைக் கொட்டினால் நாங்கள் எதைக்கொண்டு பிழைப்பது?" என்று கேட்பது நியாயமே. நாளுக்கு 8 லிட்டர் வீதம் அது 96 லிட்டர். இந்த நஷ்டம் சிறியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு காம்பு வற்றினால், அப்பசு இருக்கும் வரை ஒவ்வோர் ஈற்றிலும் பால் குறைந்தே இருக்கும். மூன்று மாதத்துக்குச் சற்று மேல் கறவையில் நாளுக்கு ஒரு லிட்டர் குறைந்தாலும் 96 லிட்டர் நஷ்டம் கணக்கில் நேர்ந்துவிடும். உலர்ந்த தரைக்கும் ஒரு கை மஞ்சளுக்கும் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், நோய் வராமல் காப்பதே மலிவான வைத்தியம் என்பது விளங்கும். அதையும் மீறி நோய் வந்தால், நஷ்டத்தை நாமே ஏற்க வேண்டுமேயன்றி, பாலோடு சேர்த்து அதை அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ஊற்றக் கூடாது.

என் அண்டை வீட்டு மூதாட்டியிடம் மறுநாளே சென்று உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "பானையை வீணாப் பழிச்சுட்டேனே" என்று மட்டும் சொன்னார். என்னைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன்பின் எங்கள் வீட்டுப் பசுவுக்கு எந்த மருந்து போட்டாலும், விலக்கு நாள் முடியும் தேதியைக் கொட்டில் கதவில் சுண்ணாம்பால் எழுதி வைத்துவிடுகிறேன். மூதாட்டியும் போகும்போதும் வரும்போதும் அந்தத் தேதியைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறார்.

நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மநத்தம் முதலிய கிராமங்களில் மாடு வைத்திருப்போர் அனைவரும் இவ்வாறு கதவில் ஒரு தேதி எழுதும் வழக்கத்தை மேற்கொள்வார்களாக. ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கு அதிகமாய் அதற்குச் செலவில்லை.